ஓட்டை சாரும் ஓசோன் விழாவும்

சூரியனைச் சொந்த விரோதியாகப் பாவித்து வாழ்ந்த மனிதர், உலகத்திலேயே எங்கள் திருச்செங்கோட்டுத் தெருவின் ஓட்டை சார் ஒருவர்தான். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பலூன் பறக்கவிட்டு ஓசோனை அளந்த விஞ்ஞானி. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், வெயிலிடமிருந்து எங்களைக் காப்பாற்றும் பொறுப்பைத் தானாகவே ஏற்றுக்கொண்டார். ஓசோனில் ஓட்டை, ஓட்டை என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, அதற்கும் மேலே குடை. தீப்பெட்டி வாங்கப் போனாலும் இதே கோலம்தான். மணமக்களை மொட்டை வெயிலில் நிறுத்தும் போட்டோகிராபர்கள் அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள்.

எதிர்வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்து ஊரெங்கும் போர்வெல் போடுகிறவர். ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க சார், அந்த ஓட்டை எத்தன அடிங்க?"

"ஆழமெல்லாம் இல்லீங்க. தென்துருவத்துக்கு மேல ஓசோன் மெலிஞ்சுபோச்சுங்க."

"அப்பறம் நமக்கென்னங்க?"

"நம்மூரு வெயில்ல புற ஊதாக் கதிர் எப்பவுமே அதிகமுங்க. தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாதுங்க. உங்க ஆளுங்களுக்கு நெழல் கட்டிக் குடுங்க."

"ஓட்டை போடறது நம்ம தொழிலுங்க. நெழல் போட்டுப் பழக்கமில்லீங்க."

ஒரு பள்ளிக்கூடத்தில் ஓசோன் நாள் விழாவுக்கு அவரைப் பேச அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். மேடையில் ஷாமியானா, சோபா, மின்விசிறி. 'வெயிலிலிருந்து குழந்தைகளைக் காப்போம்' என்று பெரிய பேனர். குழந்தைகள் மைதானத்தில், உச்சி வெயிலில். வரவேண்டிய பிரமுகர் வரவில்லை.

"புள்ளைங்கள நெழலுக்கு அனுப்புங்க" என்றார் சார்.

"ஐயா வந்து போட்டோ எடுத்ததும் அனுப்பிப்போடலாமுங்க" என்றார் தாளாளர்.

முன்வரிசையில் ஒரு சிறுமி தள்ளாடி உட்கார்ந்தாள். சார் இறங்கிப் போய்த் தன் தொப்பியை அவளுக்கு வைத்து, குடையை டீச்சரிடம் கொடுத்து, அவளை நிழலுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். பிறகு கீழே நின்றபடியே மைக்கை வாங்கிப் பிடித்தார்.

"எல்லாரும் மேடைக்கு வந்துருங்க சாமி."

மொத்தப் பள்ளிக்கூடமும் ஏறியது. சோபாவில் பிள்ளைகள், சோபாவுக்கு அடியிலும் பிள்ளைகள். இடமில்லாமல் மேடையிலிருந்த பெரியவர்கள் மைதானத்துக்கு இறங்கினார்கள். வெயில் உறைத்ததும் தாளாளரே, "ஐயா வர்றப்ப வரட்டுமுங்க, முடிச்சுப்போடலாம்" என்றார். அதன்பின் அந்தப் பள்ளியில் வெயிலில் கூட்டம் நடக்கவில்லை. சாரையும் யாரும் கூப்பிடவில்லை.

கடைசிப் பிள்ளை ஏறும்வரை அவர் வெறுந்தலையோடு வெயிலில்தான் நின்றார். சாயங்காலம் வழுக்கை சிவந்து எரிந்தது. கற்றாழையை நான்தான் தடவிவிட்டேன். பேச விடவில்லையே என்று அவர் குறைபட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சல் தெரியாதிருக்க, நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.