முயல் வண்டிக்கு மாட்டிய புலி சைலன்சர்

ஒரு காட்டில், தார் ரோடு போட்டு முதல் மழைக்கே குழியாகிப் போன ஒரு காட்டில், சென்னியப்பன் என்ற முயல் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைத்து வந்தான். மேட்டில் குடியிருக்கும் மான்களின் பூசணியையும் கீரையையும் சந்தையில் கொண்டுபோய் இறக்குவது தொழில். வண்டிச் சத்தம் கேட்டால் மான்கள் மூட்டையோடு ரோட்டுக்கு வந்து நிற்கும்.

ஒரு நாள் சைலன்சர் துருப்பிடித்துக் கழன்று நடுரோட்டில் விழுந்தது. புதுசு வாங்க நரியின் கடைக்குப் போனான். அவன் பெண்டாட்டி பாவாயியும் இடுப்பில் குட்டிகளோடு கூடப் போனாள்.

நரி ஒவ்வொரு சைலன்சராகத் தட்டிக் காட்டியது. இது காட்டுப்பன்றி உறுமல், இது யானைப் பிளிறல் என்று விளக்கம் வேறு. கடைசியாகத் துணி போட்டு மூடியிருந்த ஒன்றை எடுத்தது.

"இது புலி. மாட்டிப் பாரு மாப்ள. அப்புறம் எவனும் உனக்கு ஹாரன் அடிக்க மாட்டான்."

பாவாயிக்கு மூலையில் கிடந்த சாதா சைலன்சர் மேல்தான் கண். மான்கள் இந்தச் சத்தத்துக்குப் பயப்படாதா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நரி அவள் பக்கமே திரும்பவில்லை. ஊட்டுல கேட்டுத்தான் வாங்கறதா என்று சென்னியப்பனை விசாரித்துச் சிரித்தது. அவ்வளவுதான், புலி சைலன்சர் வண்டியில் ஏறிவிட்டது.

மறுநாள் மேட்டில் வண்டி உறுமியதுதான் தாமதம், மான்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடைக்கு ஓடின.

"பாத்தியா, வழி விடறாங்க" என்றான் சென்னியப்பன்.

வாரம் முழுக்க வழிதான் விட்டார்கள். லோடு ஏறவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. குட்டிகள் காய்ந்த புல்லை மென்றுகொண்டு அழுதன.

அப்போதுதான் புலி வாசலுக்கு வந்தது. சென்னியப்பன் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய்விட்டான். பாவாயி குட்டிகளை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். புலிக்குக் கோபம் இல்லை. சைலன்சரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அசல்தான் என்று பாராட்டியது. தினமும் விடிந்ததும் மேட்டில் இதே மாதிரி ஓட்டவேண்டும், டீசலும் குட்டிகளுக்குக் கேரட்டும் தன் பொறுப்பு, ஓட்டுகிற வரைக்கும் முயல் கறி தொடுவதில்லை என்றது.

பாவாயி நிமிராமலே கேட்டாள். "அப்ப நீங்க எங்கீங்க இருப்பீங்க?"

"ஓடையில. சத்தம் காட்டாம."

புலி போனதும் சென்னியப்பன் வெளியே வந்து மேல் தூசியைத் தட்டினான். "நல்லவேளை, உன்ற பேச்சைக் கேக்கல பாரு."

அன்று சாயங்காலமே பாவாயி மேட்டுக்குப் போனாள். அங்கே மாராயி என்ற மான் இருந்தாள். பாவாயிக்குப் பேறு பார்த்து, காய மருந்து அரைத்துக் கொடுத்தவள். யாரிடமும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத பாவாயி, அன்றைக்குப் பேசினாள்.

"அக்கா, காலையில சத்தம் கேட்டா ஓடாதீங்க. அது எங்க வண்டிதான். புலி கீழ ஓடையில உக்காந்திருக்கும்."

மாராயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் அம்மிணி, லோடு புடிக்கறதுக்கு இப்படியெல்லாமா சொல்லி அனுப்பறான் உன்ற ஊட்டுக்காரன்?"

சுற்றி நின்ற மான்கள் சிரித்தன. மேட்டில் உறுமுகிற புலி ஓடையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று ஒரு கிழ மான் நியாயம் கேட்டது. பாவாயி திரும்பி நடந்தாள்.

காலையில் வண்டி உறுமியது. மான்கள் சரிவில் இறங்கின. முன்னால் மாராயி, அவளை ஒட்டி அவள் குட்டி. கொஞ்ச நேரத்தில் தூசி அடங்கிவிட்டது.

புலி சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானமே கேரட் வந்து இறங்கியது. குட்டிகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் தூங்கின. பிறகு பாவாயியும் தின்றாள்.

நீதி: குடும்பஸ்தர்களுக்குச் சத்தமான சைலன்சரே உகந்தது. வாங்கும் முன் மான்களோடு உள்ள பழக்கத்தை மட்டும் முறித்துக்கொள்ளவும்.