ஓர் இலை, இரண்டு நுனி

அந்த யோசனை எனக்குக் காவிரிப் பாலத்தின் மேல் உதித்தது. அப்போது நான் ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் போகும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். (இன்னொரு காலுக்கும் இடம் இருந்தது. ஆனால் அதில் வேறொருவர் கால் இருந்தது.) பின்னால் நின்றவரின் குடைக்காம்பு என் விலாவைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் கண்டக்டர் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை, "வாங்க சார், உள்ள காலியாத்தான் இருக்கு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவர் எங்கேயும் போகிறவராகவே தெரியவில்லை.

"இப்படி அமுக்குறீங்களே, உங்களுக்கு என்னங்க லாபம்?" என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? சம்பளம் சும்மா வந்தாலே கிடைக்கும். கலெக்‌ஷன் மேல பேட்டா தனியா உண்டுல்ல?"

பேட்டா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. (குடைக்காம்பாலும் இருக்கலாம்.) கூலிக்கு மேல் கொஞ்சம் ஆசை காட்டினால் மனிதன் காற்று வாங்குகிறவனைக்கூட பஸ் ஏற்றுவான்! இதைத்தானே மூன்று வருஷம் பொருளாதாரப் புத்தகத்தில் உருப்போட்டேன்? ஊக்க ஊதியம்! பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். உயிரோடு அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பி.ஏ. முடித்துவிட்டு, நல்ல வேலை வரும் வரைக்கும் என்று அக்கா வீட்டில் தங்கி, அத்தானின் இலை மண்டியில் மேஜை பார்த்துக்கொண்டிருந்தேன். முசிறிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முழு வாழை இலைகள் சுருட்டிக் கட்டி வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, நுனியைத் தனியாகவும் மீதியைத் துண்டு போட்டு ஏடாகவும் நறுக்கி அடுக்க ஏழெட்டுப் பேர் உண்டு. எல்லோருக்கும் தினக்கூலி. ஏடு ஹோட்டலுக்குப் போகும். நுனி இலை கல்யாணத்துக்குப் போகும். விலையும் நுனிக்குத்தான்.

மண்டிக்கு உயிர் கொடுத்தவர் ஸ்ரீரங்கத்துச் சமையல் கான்ட்ராக்டர் வரதாச்சாரி. முகூர்த்த மாதம் வந்தால் அவர் கை படாத கல்யாணம் குறைவு. அத்தனைக்கும் இலை எங்களிடம்தான். அவர் முகம் திருப்பினால் மண்டியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்; மேஜை பார்க்கும் மைத்துனன் முதலில் போவான்.

காந்தி மார்க்கெட்டில் குதித்து இறங்கி மண்டிக்குள் நுழைந்ததுமே அத்தானிடம் சொன்னேன்: "தினக்கூலி இருக்கட்டும் அத்தான். அதுக்கு மேல, நுனி இலை ஒண்ணுக்கு ஒரு நயா பைசா. பாருங்க, மண்டி பறக்கும்!"

அத்தான் வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "பறக்கட்டும் மாப்ளே. எங்க போய் இறங்கும்?"

"அத்தான், இது மேல்நாட்டு ஃபேக்டரியில எல்லாம் இருக்கு."

"அங்க வாழை இலையா நறுக்குறாங்க?"

நான் விடவில்லை. இலைக் கட்டு ஒன்றின் மேல் ஏறி நின்று கூலியாட்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். உழைப்பு, உற்பத்தி, உயர்வு என்று அது 'உ'விலேயே ஓடியது. கட்டு நழுவி நான் உட்கார்ந்த பிறகு, மூத்தவளான அஞ்சலை கேட்டாள்: "அப்ப, எம்புட்டு நுனி போடுறமோ அம்புட்டுக்கும் துட்டுங்களா?"

"அத்தனைக்கும்!"

"எல்லையே இல்லீங்களா?"

"எல்லையே இல்லை!" என்றேன், ராஜ்யத்தை எழுதி வைப்பவன் மாதிரி.

ஒரு வாழை இலைக்கு ஒரு நுனிதான் உண்டு என்பது பிறந்த குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்தில் இல்லை. பொருளாதாரத்தில் அந்தப் பாடம் வரவில்லை.

மறுநாளே மண்டி பறந்தது! கதை பேசி நறுக்கியவர்கள் மூச்சு விடாமல் நறுக்கினார்கள். டீக் கிளாஸ் ஆறிக் கிடந்தது. நுனிக் கட்டுகள் மலைபோல் ஏறின. மேஜையை விட்டு நகராமல் கட்டுகளை எண்ணி எண்ணி நான் பூரித்தேன். வெளிச் சுற்றில் கண்ணில் பட்ட இலைகளெல்லாம் பட்டுப்போல் இருந்தன. உள்ளே விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நிர்வாகி இலையை விரிப்பதாவது!

அத்தானுக்கு மட்டும் உறுத்தியது. "ஏன் மாப்ளே, வந்து இறங்குற இலையைவிட நுனி அதிகமா இருக்கே?"

"அதான் அத்தான் ஊக்கம்!"

பாவம், படித்த மைத்துனனை எதிர்த்துப் பேச அவருக்குக் கூச்சம். அந்த வாரம் வரதாச்சாரிக்குப் பெரிய கல்யாணம். பெண் வீடு ஸ்ரீரங்கம். பிள்ளை வீட்டார் கும்பகோணம். கேட்டதற்கு மேலேயே நுனி இலை அனுப்பினோம். என் திட்டம் பந்தியில் விரிவதைப் பார்க்கவேண்டும் என்று நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சத்திரத்துக்குப் போய்த் தூணோரம் நின்றேன்.

சம்பந்திப் பந்தி. பரிமாறுகிறவர்கள் அவசரமாக இலை போட்டுக்கொண்டே போனார்கள். பிள்ளையின் சித்தப்பா முன்வரிசையில் அமர்ந்தார். இலையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஓய் வரதாச்சாரி! இங்க வாரும். இந்த இலைக்கு யாருங்காணும் கிராப்பு வெட்டினது?"

கரண்டியோடு வரதாச்சாரி ஓடி வந்தார். ஏட்டின் ஒரு முனையைக் கத்தியால் வளைத்துச் சீவி, தடித்த நடு நரம்பையும் இழைத்துவிட்டு, 'நுனி' என்று யாரோ படைத்திருந்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த இலைக்காரர் குரல் கொடுத்தார்: "நேக்கு ரெண்டு பக்கமும் நுனியா இருக்கே ஸ்வாமி! எதை இடது பக்கமா வச்சுக்கறது?"

"திருப்பிப் போட்டுப் பாருமே."

"திருப்பினாலும் அதேதான் இருக்கு!"

நுனி இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும் என்பது பந்தி தர்மம். வரிசை முழுக்க இலைகள் கடிகார முள் மாதிரி சுற்ற ஆரம்பித்தன. வரதாச்சாரி உரத்த குரலில், "இந்த இலை யார் பண்ணின வேலை?" என்று கேட்டார்.

தூணோரத்தில் எட்ட நின்றதால் எனக்கு எதுவும் சரியாகப் புரியவில்லை. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன்.

"என் திட்டந்தான் மாமா!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டை புளியைக் கரைத்திருக்கலாம். அதற்குள் பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு வந்து, பசி நேரம், சம்பந்தி பெரிய மனசு பண்ணணும் என்று கெஞ்ச, சித்தப்பா முணுமுணுத்தபடி சாப்பிட ஆரம்பித்தார். சாம்பார் வரை கண்டம் தாண்டியது. பிறகு ரசம் வந்தது. அவர்கள் பாஷையில் சாத்தமுது.

சித்தப்பா சாதத்தைக் குழித்து அணை கட்டினார். ஒரு கரண்டி விழுந்தது. அணை உடைந்தது. நிஜ நுனியாக இருந்தால் குவிந்து நின்று தடுத்திருக்கும். இதுவோ சீவின நுனி. இழைத்த நரம்பு வாய்க்கால் மாதிரி வழிவிட, கொதிக்கும் சாத்தமுது நேராக ஓடிப் பக்கத்துச் சம்பந்தியின் மடியில் இறங்கியது. அவர் துள்ளி எழுந்ததில் அவர் இலையிலிருந்த சாத்தமுதும் கிளம்பி, மறுபக்கத்து நுனி வழியாகச் சித்தப்பாவின் மயில்கண் வேஷ்டிக்கு வந்து சேர்ந்தது. (இரட்டை நுனியின் வசதி இதுதான். இரு பக்கமும் போக்குவரத்து.)

"இலைகூடப் போடத் தெரியாத இடத்துல சம்பந்தம் பண்ணினோமே!" என்று சித்தப்பா எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் பிள்ளை வீட்டு வரிசையே எழுந்தது. பெண்ணின் அப்பா முகத்தில் ரத்தம் இல்லை. தரை பிளந்தால் முதல் ஆளாக உள்ளே போக நான் தயாராக நின்றேன்.

காப்பாற்றியது மாப்பிள்ளை. மணக்கோலத்தோடு பெண்ணும் தானுமாக அப்போதுதான் கூடத்துக்கு வந்தவர், இரட்டை நுனி இலை ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சித்தப்பா, இந்த இலையை எங்களுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கு ஒரே இலை, ஆளுக்கு ஒரு நுனி" என்றார்.

பெண் குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பெண்டுகள் சிரித்தார்கள். கடைசியில் சித்தப்பாவின் மீசைகூடத் துடித்தது. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நானும் பரிமாறுகிறவர்களும் கட்டுகளைக் கிழித்து, நிஜ நுனிகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தோம். சித்தப்பா வேஷ்டி மாற்றிக்கொண்டு வந்து, பாயசத்திலிருந்து மறுபடியும் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். பெண் வீட்டார் ஏட்டில் சாப்பிட்டார்கள்.

மண்டியில் மறுநாள் விசாரணை. அத்தான் வழக்கத்துக்கு மாறாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் அஞ்சலை இப்படிப் பண்ணே?"

அஞ்சலை அசரவில்லை. "நுனிக்குத் துட்டுன்னு தம்பிதான் சொல்லிச்சு. மரம் ஒண்ணுதானே வைக்குது? மிச்சத்தை நாங்கதானே வைக்கணும்?"

நறுக்குகிறவர்களில் கை வேகமான அந்தோணிக்கோ வேறு வருத்தம். "நான் ரெண்டு பக்கமும் வச்சேன் தம்பி. எம்புட்டு வேலை தெரியுமா? நீங்க ஒரு நுனிக்குத்தான் போட்டீங்க. சரி, படிச்ச பிள்ளை, தெரியாமப் பண்ணியிருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் வரதாச்சாரி. எல்லோரும் எழுந்து நின்றோம். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வருஷ முகூர்த்தங்கள் எதிர் மண்டிக்குப் போகப்போகின்றன. கூலி, மேஜை, அத்தான் முகம் எல்லாம் என் ஒரு நயா பைசாவால் கரையப்போகின்றன. "தப்பு நடந்து போச்சுங்க" என்று அத்தான் ஆரம்பித்தார்.

வரதாச்சாரி கையை உயர்த்தினார். "இலை இங்கேயே எடுக்கறேன். ஒரே நிபந்தனை. இந்தப் பிள்ளையாண்டான் இனிமே நான் பண்ற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வரணும். வெள்ளை வேஷ்டி கட்டிண்டு, முதல் ஆளா உட்காரணும். கட்டு நடுவுலேர்ந்து நான் ஒரு இலையை உருவிப் போடுவேன். என் கையாலே கொதிக்கக் கொதிக்க சாத்தமுது விடுவேன். நின்னா, பந்திக்கு இலை போகும். ஓடினா, இவன் மடியிலே ஓடட்டும்."

அத்தான் என்னைக் கேட்கவே இல்லை. "சரிங்க" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டு இளைத்தவன் திருச்சி ஜில்லாவில் நான் ஒருவன்தான். வண்டி ஏறுமுன் ஒவ்வொரு கட்டையும் பிரித்து, ஒவ்வோர் இலையையும் தடவி, நரம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பந்தியில் கரண்டி என் தலைக்கு மேலே வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு சொட்டு ஓடியதில்லை! என் ஒரு நயா பைசாவால் முடியாததை ஒரு கரண்டி ரசம் சாதித்துவிட்டது. ஆர்டர் ஒன்றுகூடக் கைவிட்டுப் போகவில்லை. பருவம் முடிந்ததும் நுனி, ஏடு என்று பார்க்காமல் அத்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூலியை ஏற்றினார். அந்தோணி மட்டும் தன் பழைய பாக்கியை இன்னமும் விடவில்லை.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நல்ல வேலை இன்னும் வரவில்லை. மண்டியே நல்ல வேலையாகிவிட்டது. வீட்டில் ரசம் பரிமாறும் போதெல்லாம் அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "இன்ஸ்பெக்டர் சார், விடலாமா?" என்பாள். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். "மடியில ரசம் வாங்குற உத்தியோகம்" என்றார் அத்தான். பெண் உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அது சம்மதமா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை.

இருக்கட்டும். இப்போது ஊருக்கு வெளியே பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருக்கிறது. அத்தனை பேர் சாப்பிட கேன்டீன் வரும். கேன்டீன் வந்தால் இலை வேண்டும். நல்ல இலை வேண்டுமென்றால் தோட்டத்திலிருந்தே சரியாக வரவேண்டும். எனவே நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் முசிறி போகிறேன். தோட்டக்காரர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். கிழியாமல் வந்து சேரும் ஒவ்வோர் இலைக்கும் விலைக்கு மேல் கொஞ்சம் ஊக்கத்தொகை! காற்றில் கிழியாதபடி அவர்களே பொத்திப் பொத்தி அனுப்புவார்கள். சாப்பிடும்போது அக்காவிடம் இதை விளக்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிழியாத இலைக்குக் காசுன்னா, அவங்க ஊசியும் நூலும் எடுத்துக்கிட்டு உக்காந்துடுவாங்களேடா?"

இதை நான் யோசிக்கவில்லை. பரவாயில்லை, முசிறி போகப் பஸ்ஸில் நிறைய நேரம் இருக்கிறது.