இடது கதவுப் பட்டை

“நாளைக்குக் காலையில காரோட பட்டையெல்லாம் கழட்டப் போறேன்!” என்று வீடே அதிரும்படி அறிவித்தேன். என் மனைவி ஒரு சட்டைத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வீடு அதிரவில்லை. அவளும் நிமிரவில்லை.

“சரிங்க. அந்தக் கத்தரிக்கோலை இப்படி நகர்த்துங்க” என்றாள்.

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான். நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. “ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் ஆற அமர உக்காந்து பேசணும்” என்று ஆசைப்பட்டவளும் அவள்தான். நான் ரிட்டயர் ஆனேன். அவள் தையல் வகுப்பு தொடங்கிவிட்டாள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கூடத்தில் ஆறு பெண்கள், ஆறு மிஷின், அறுபது பேருக்கான சிரிப்பு. நான் எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். “சாருக்கு ஏதாவது வேணுமா?” என்று யாராவது கேட்பார்கள். வேண்டும்தான். அதை ஆறு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? “தண்ணி” என்பேன். ஒருநாள் பதினான்கு டம்ளர் குடித்திருக்கிறேன்.

மற்ற நேரமெல்லாம் எனக்குக் கார் ஷெட்டில்தான் வாசம். இளவயதில் வாங்கிய கார் அது. இப்போது ஓடாது, தள்ளினால் நகரும். அந்த விஷயத்தில் காருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை இரண்டு பக்கமும் துண்டு துண்டாக உலோகப் பட்டை ஓடும். வாங்கியபோது கண்ணைப் பறித்தது. இப்போது மங்கி, கறை ஏறி, இரண்டு இடத்தில் சொட்டை வேறு.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பட்டையின் மேல் அவ்வளவு அக்கறை கிடையாது. கழற்ற ஓர் ஆள் போதும். திரும்ப மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே பட்டையை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து கதவின் உட்புறம் கையை விட்டு நட்டை முடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று நான் எட்டு மாதம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெயிண்ட் கீறாமலிருக்கக் காகித டேப் ஒட்டினேன். நட்டுகளைக் கழற்றினேன். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் துணி சுற்றி, பட்டைக்கு அடியில் விட்டு, ஒவ்வொரு கிளிப்பாக மெல்ல நெம்பினேன். ஒரே இழுப்பாக இழுத்தால் மடங்கிவிடும், பிறகு ஜென்மத்துக்கும் நிமிராது. சொட்டையைப் பின்னாலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினேன். சோப்புத் தண்ணீர், பாலிஷ், பழைய பனியன். நான்கு நாள் தேய்த்ததில் பட்டையில் என் முகம் தெரிந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அதனிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் எந்தக் கதவு என்று சீட்டு ஒட்டியிருந்தேன். இங்கேதான் என் மூளை விபரீதமாக வேலை செய்தது. இடது சீட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி ஒட்டினேன். பட்டை பொருந்தாது. பொருந்தாவிட்டால் நாளைக்கும் வருவாள்.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும், நான் கூப்பிட்டபடி என் மனைவி வந்தாள். காருக்குள் உட்கார்ந்து கதவுக்குள் கையை விட்டாள்.

“ஒண்ணும் தட்டுப்படலையே.”

“நல்லாத் தேடிப் பாரு.”

“எவ்வளவு நேரம்ங்க?”

“பழைய காரும்மா. அவசரப்படக் கூடாது.”

கை மாட்டிக்கொண்டதால் பேச ஆரம்பித்தாள். மகள் போனில் அழுதாளாம். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறதாம். வகுப்பில் ஒருத்தி காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாளாம். அவள் உள்ளே, நான் வெளியே, நடுவில் ஜன்னல். எட்டு மாதத்தில் எனக்கு அவ்வளவு நல்ல நேரம் வாய்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“நட்டு வந்துச்சா?” என்றுதான் வந்தது.

இப்படியே மூன்று மாலை போயின. நான்காம் நாள் அவள் காரில் ஏறவில்லை. பட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இது வலது கதவோடது.”

“சீட்டுல இடதுன்னு இருக்கே?”

“சீட்டு சொல்லும். முனை எந்தப் பக்கம் சரியுதுன்னு பாருங்க. சட்டைக்கு இடது கை எது, வலது கை எதுன்னு தெரியாதவளா நான்?”

“அடேயப்பா! எப்பக் கண்டுபிடிச்சே?”

“முதல் நாளே.”

“அப்புறம் எதுக்கு மூணு நாளா உள்ள உக்காந்திருந்தே?”

“நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்.”

“எதை?”

என்னையே பார்த்தாள். தனியா இருக்கு. இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்துவிட்டது.

“சீட்டு மாறிப்போச்சு போல” என்றேன்.

“சரி” என்றவள், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டாள். இருபத்தைந்தே நிமிடம். சிரித்துக்கொண்டே அத்தனை பட்டையையும் மாட்டிவிட்டார்கள். நான்கு மாதம் இழுக்கத் திட்டமிட்டிருந்த வேலை! அவர்கள் போன பிறகு, பளபளக்கிற காருக்குப் பக்கத்தில் பனியன் துணியோடு நின்றேன். துடைக்கக்கூட எதுவும் மிச்சமில்லை.

வாசல்படியில் அவள் திரும்பினாள்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கூடத்துக்கு வாங்க. என் பக்கத்துல ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.”

“அத்தனை பேர் நடுவுல நான் என்ன பண்றது?”

“என்கூட இருக்கிறது. அதுக்குத்தானே இந்தப் பாடு?”

மறுநாள் ஒன்பதரைக்கே இஸ்திரிச் சட்டையில் தயாரானேன். பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். முதலில் பஸ் நிறுத்தம், பிறகு மற்றது. ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “இங்க பாரு...” என்று ஆரம்பித்தேன்.

“வாயை அப்படியே வெச்சிருங்க” என்று, திறந்த என் உதடுகளுக்கு இடையில் பன்னிரண்டு குண்டூசிகளைச் செருகிவிட்டு, “கேட்கும்போது ஒண்ணொண்ணாக் கொடுத்தாப் போதும்” என்றாள்.