மூக்கில் மழை ஏறிய கார்

சாவு வீட்டுக்கு இன்று தன் காரில்தான் போவது என்று தேவானந்தன் பல் விளக்கும்போதே தீர்மானித்துவிட்டார். சாஆ என்ற ஊரில் அவர் மனைவி அன்னலட்சுமியின் அக்கா இறந்துவிட்டார். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அன்னலட்சுமி போய் முகத்தைப் பார்த்து வாய்க்கரிசி போட வேண்டும்.

காருக்கு நானூறு குதிரைகளின் பலம். பானெட்டில் மூக்குத் துவாரம் மாதிரி இரண்டு துளைகள். எஞ்சின் சூடு வெளியேறுவதற்காம். மழைக்கு அதெல்லாம் தெரியுமா? அது உள்ளே போனது. போகிற தண்ணீர் தானாகக் கீழே ஒழுகிவிடும், கையை வைக்காதீர்கள் என்று மெக்கானிக் அர்ச்சுனன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வடிகால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஒரு மெக்கானிக் தண்ணீர்ப் பாடம் நடத்துவதா? துளைகளுக்கு அடியில் ரகசியமாக ஒரு தகரத் தட்டைக் கம்பியால் கட்டினார். இனி ஒரு சொட்டு எஞ்சினைத் தொடாது.

வழியில் யோங் பெங் ஊர் வரை தொடவில்லை. பிறகு வானம் கிழிந்தது. மீன்கள் நீந்தி வந்து வழி கேட்கிற மழை. செம்பனைத் தோட்டத்து வளைவில் வேகமாகத் திருப்பினார். தட்டில் சேர்ந்திருந்த குளம் மொத்தமும் எஞ்சின் தலையில் கவிழ்ந்தது. நானூறு குதிரைகளும் ஒரே நேரத்தில் செத்தன.

மணி ஒன்று. பெட்ரோல் எண்ணெயில் ஏதோ கலப்படம் என்று தேவானந்தன் முனகினார். மடியில் அரிசிப் பொட்டலத்தோடு அன்னலட்சுமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டுல தண்ணி வெளிய போக ஓட்டை வச்சீங்களா?"

"எந்தத் தட்டு?"

"என் கேக்குத் தட்டு. காணோமேன்னு முந்தாநாளே பானெட்டைத் தொறந்து பார்த்துட்டேன்."

முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் அந்த ஓட்டை மட்டும் விட்டுப்போயிருந்தது.

"தெரிஞ்சுமா ஏறுன?"

"வேணாம்னு சொன்னா மத்தியானம் வரைக்கும் வாசல்ல நின்னு வாதாடுவீங்க லா. அக்காவுக்கு ஏது அவ்வளவு நேரம்?"

அப்போதுதான் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

பின்னால் விளக்கைப் போட்டபடி அன்னலட்சுமியின் சின்னக் கார் வந்து நின்றது. ஓட்டியது அவள் தம்பி மகள் ஷர்மினி. வீடு இருக்கும் செனாயிலிருந்தே கண்ணில் படாமல் பின்தொடரும்படி அத்தை சொல்லியிருந்தாளாம். பின்னிருக்கையில் அன்னலட்சுமியின் மூன்று பெரியம்மாக்களும் மூன்று மாலைகளும். முன்னிருக்கை ஒன்றுதான் காலி.

அன்னலட்சுமி பொட்டலத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு அதில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிக் குடையை நீட்டினாள்.

"ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கா காருக்கான்னு நீங்களே பார்த்துக்குங்க."

அடுத்த இரண்டு மணி நேரம் காரின் மூக்கு நனையவில்லை.