வாத்துப் படகும் வாய் திறக்காத இருவரும்

"கையை எடுங்க சார், நான் மாட்டுறேன்" என்று சொல்லி, தையல்காரரின் மார்பில் தொங்கிய லைஃப் ஜாக்கெட் பக்கிளைப் படகுத்துறை அக்கா ஒரே அழுத்தில் 'டக்'கென்று மாட்டிவிட்டாள்.

தையல்காரருக்கு மானம் போயிற்று. ஊரில் பாதிப் பேரின் தோளை அளந்து கோட்டு தைத்த கை அது. அந்தக் கைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் அடங்கவில்லை. அதுவும் யார் முன்னால்? மகளைக் கட்டிக்கொள்ள வந்திருக்கிற பையன் முன்னால்.

குற்றம் கையுடையதில்லை, கண்ணுடையது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் கொஞ்ச நாளாகவே அவருக்குக் கலங்கல்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள், காலையில் டூட்டிக்குப் போகும் முன் ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அதை வைத்துத்தான் பகல் முழுக்கக் கடை ஓடும். இது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

பையன் கண்ணாடிக்கடை வைத்திருந்தான். மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லாதவர் தையல்காரர் ஒருவர்தான். இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். இரண்டு தடவையும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். அவன் 'சார்' என்பான், இவர் 'தம்பி' என்பார், அத்தோடு சரி. 'மாப்பிள்ளை' என்ற சொல் இவர் தொண்டை வரைக்கும் வரும். வந்த வேகத்தில், ஊசி கோத்துத் தர ஆளில்லாத வீடு கண் முன்னால் வந்து நிற்கும். சொல் திரும்பி உள்ளே போய்விடும்.

"நீங்க வேணாம்னா எனக்கும் வேணாம்ப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். "ஆனா ஒரே ஒரு தடவை மனசு விட்டுப் பேசிப் பாருங்க. அவருக்குப் படகுன்னா உயிர். ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போலாம். அப்புறம் நீங்க சொல்றதுதான்."

"படகுதானே? போயிட்டாப் போச்சு!"

சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டார். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றவே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்கிற மனுஷன் அவர். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏரியில் அவர்களுக்குக் கிடைத்தது வாத்துப் படகு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஆளுக்கு ஒரு ஜோடி பெடல், முன்னால் வளைந்த கழுத்து. முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வெள்ளை வால்.

"நடுவுல எழுந்து நிக்கக் கூடாது. ஜாக்கெட்டைக் கழட்டவே கூடாது. ஏதாவதுன்னா அதுல விசில் இருக்கு, ஊதுங்க" என்றாள் படகுத்துறை அக்கா. வாலுக்குப் பின்னால் குனிந்து எதையோ இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, படகைத் தள்ளிவிட்டாள். கரையில் பெஞ்சு மேல் மகள், மடியில் ஃப்ளாஸ்க். கையாட்டினாள்.

கரை கொஞ்சம் விலகியதும் தையல்காரர் மார்பைத் தடவி பக்கிளை அழுத்தினார். மாட்டிக்கொள்ள அத்தனை அடம்பிடித்த சனியன், கழற்றும்போது மட்டும் உடனே கழன்றது.

"ஒரே புழுக்கம்" என்றார். "நீங்க வேணும்னா போட்டிருங்க தம்பி. பழகினவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

தம்பியின் முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு அவனும் கழற்றினான்.

"ஆமா சார். புழுக்கம்தான்."

சில்லென்று காற்று வீசிக்கொண்டிருந்தது.

இவர் தன் ஜாக்கெட்டை மடித்து ஆசனத்தில் போட்டு மேலே உட்கார்ந்தார். அவன் தன்னுடையதை வாத்தின் கழுத்தில் மாட்டினான். இரண்டு பேரும் மிதித்தார்கள். 'இவன் முன்னாடி பயத்துல கண்ணை மூடிடக் கூடாது' என்பதைத் தவிர தையல்காரருக்கு வேறு நினைப்பு இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"மிதிங்க தம்பி."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன் சார்."

"அப்புறம் ஏன் நகரல?"

"அடியில பாசி சிக்கியிருக்கும் சார்."

"பாசியா? சுழலா இருக்கும்!"

தன் அனுபவத்தைக் காட்டத்தான் அப்படிச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரே படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ வேகமா மிதிச்சு வெளிய வந்துடலாம் சார்!"

வெறிபிடித்த மாதிரி மிதித்தார்கள். படகு முன்னால் போகவில்லை. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி இடது பக்கம் ஒரு வட்டம் அடித்தது, வலது பக்கம் ஒரு வட்டம் அடித்தது. தெறித்த தண்ணீர் முழுக்கத் தம்பியின் மூக்குக்கண்ணாடியில். நனைந்த சட்டையாலேயே அதைத் துடைத்தான்.

"இப்போ தெரியுதா?"

"முன்ன தண்ணி தெரிஞ்சுது சார். இப்போ வாத்துகூடத் தெரியல."

"சரி, பின்பக்கமா மிதிங்க."

அவன் பின்பக்கமாக மிதித்தான். இவர் பதற்றத்தில் முன்பக்கமாகவே மிதித்தார். வாத்து நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. மரியாதைக்காக அவன் முன்பக்கம் மாறினான். அதே நேரம் இவர் பின்பக்கம் மாறினார்.

"உங்க பொண்ணு கையாட்டுறாங்களா சார்?"

தூரத்தில் இருப்பது தையல்காரருக்கு நன்றாகவே தெரியும். "ஆட்டுது. நாம ஜாலியா சுத்துறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அந்தப் படகுத்துறை அம்மா கடலை கொறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மனுஷ உயிரு இங்க ஊசலாடுது, அங்க கடலை கேக்குது பாருங்க!"

இனிப் பொறுக்க முடியாது, என்ன சிக்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று தையல்காரர் எழுந்தார்.

"சார்! உட்காருங்க!" கரையிலிருந்து மெகாஃபோன் அலறியது.

உட்காரத்தான் நினைத்தார். அதற்குள் படகு ஒருபக்கம் சாய்ந்தது. பிடிமானத்துக்குக் கிடைத்தது தம்பியின் காலர். அது 'டர்'ரென்று பிரிந்தது. தொப்பென்று இருக்கையில் விழுந்தார். வாத்து தலையை ஆட்டிய ஆட்டத்தில், கழுத்தில் கிடந்த ஜாக்கெட் நழுவித் தண்ணீரில் விழுந்து, ஆரஞ்சு நிறத்தில் ஆனந்தமாக மிதந்து போனது.

தம்பி குனிந்து கையை நீட்டினான். படகு அவனோடு சேர்ந்து குனிந்தது. ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே வந்து இருவர் காலையும் நனைத்தது.

"விடுங்க தம்பி!" அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். "போனாப் போகட்டும், விடுங்க!"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். இப்போது ஆள் இரண்டு, ஜாக்கெட் ஒன்று. அதன்மேல் தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

மெல்ல அதை உருவினார். இரண்டு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு அவன் மடியில் வைத்தார்.

"போட்டுக்குங்க."

"ஐயோ, நீங்க போட்டுக்குங்க சார்."

"சொன்னாக் கேளுங்க தம்பி. சின்ன வயசு உங்களுக்கு."

"பெரியவங்க நீங்கதான் சார் முதல்ல."

"பந்தியா நடக்குது, முதல்ல, ரெண்டாவதுன்னு? போடுங்கய்யா! என்ன ஆனாலும் உங்களுக்கு நீச்சல் தெரியும். இருந்தாலும் போட்டுக்குங்க."

தம்பி ஜாக்கெட்டைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"என்னது? படகுன்னா உயிர்னு சொன்னாளே!"

"எனக்கா? உங்களுக்குத்தான் படகுன்னா உயிர்னு எங்கிட்ட சொன்னா. ஏரியைக் குறுக்கால நீந்துவீங்கன்னு சொன்னா. அதான் நானும் கழட்டினேன். உங்க முன்னாடி பயந்தாங்கொள்ளியா தெரிஞ்சா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு…"

தையல்காரர் அவன் பக்கம் திரும்பினார்.

"நான் வாளிக்கே பயப்படுறவன் தம்பி."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரித்தால் படகு ஆடுகிறது என்று தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே நிறுத்தினார்கள்.

தம்பி ஜாக்கெட்டை எடுத்து அவருக்கு மாட்ட ஆரம்பித்தான். அவர் தடுத்தார். அவன் விடவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் அவ முகத்துல எப்படி சார் முழிப்பேன்?"

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி முழிக்கிறது? அதைச் சொல்லுங்க!"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று தையல்காரருக்கே உறைத்தது. அதற்குள் அவன் 'டக்'கென்று பக்கிளை மாட்டிவிட்டான்.

"கரையிலயே பார்த்தேன் சார். உங்களுக்குப் பக்கிள் துளை தெரியல. கடைக்காரன் கண்ணு, தப்பாது."

"ஊசிக் காதே தெரியல. பக்கிளுக்கு எங்க போறது?"

"அப்போ நூல் யாரு கோக்குறா?"

"அவதான்."

ஏரியைப் பார்த்தார். தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது. தூரத்துத் தண்ணீரும் கலங்கலாகத்தான் தெரிந்தது.

தம்பி அவர் தோள் பட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"கடை திறக்க உங்க தெரு வழியாத்தான் சார் போவேன். தினமும் வந்து நான் கோத்துக் குடுக்கறேன். கண்ணாடி போடுங்க, போடுங்கன்னு கூடவே நச்சரிப்பேன். போடற வரைக்கும் கோத்துக் குடுப்பேன். போட்ட பிறகும் வருவேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. படகு கிடுகிடுவென்று ஆடியது. மிதந்துபோன ஜாக்கெட் மறுபடி பக்கத்தில் ஒதுங்கியதைக் கண்டு, தம்பி பாதி எழுந்துவிட்டான்.

"மாப்பிள்ளை! எழுந்திருக்காதீங்க!"

ஏரியே கேட்கும்படி கத்தினார் தையல்காரர். மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்தான். தண்ணீரை மறந்து அவரைப் பார்த்தான்.

"என்ன சொன்னீங்க?"

"காது நல்லாத்தானே இருக்கு? விசிலை ஊதுவோம், வாங்க."

இவர் மார்பிலிருந்த விசிலை இருவரும் மாற்றி மாற்றி ஊதினார்கள். கரையில் படகுத்துறை அக்கா எழுந்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

"உக்காந்துட்டா! பாவி, உக்காந்துட்டா!" என்றார் தையல்காரர். "மாப்பிள்ளை, கிட்ட வாங்க. ஒரு ஜாக்கெட் ரெண்டு ஆளைத் தாங்குமா தாங்காதா தெரியாது. என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"நீங்களும் பிடிச்சுக்குங்க மாமா."

மாமா! இருவரும் ஒருவரை ஒருவர் இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரிந்த காலர் தையல்காரரின் கன்னத்தில் பட்டது. 'நாளைக்கே தைச்சுக் குடுத்துடணும்' என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. யாரும் மிதிக்கவில்லை. வாத்து தானாகப் பின்பக்கம் நகர ஆரம்பித்தது. மெல்ல, சீராக, அலுங்காமல் குலுங்காமல்.

"காத்து திரும்பிடுச்சு மாப்பிள்ளை!"

"நம்ம நல்ல நேரம் மாமா!"

படகு துறையில் முட்டியது. மகள் ஓடி வந்து அப்பாவுக்கு ஒரு கை, அவனுக்கு ஒரு கை கொடுத்து இறக்கினாள். ஃப்ளாஸ்க்கைத் திறந்து சூடாகத் தேநீர் ஊற்றினாள்.

"நல்லாப் பேசினீங்களாப்பா?"

"பேசாம என்ன? மாப்பிள்ளைக்கு முதல்ல குடும்மா, நனைஞ்சிருக்கார்" என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தையல்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே, சுழலிலிருந்து படகைத் தாங்கள் மீட்ட கதையை ஆரம்பித்தார்.

படகுத்துறை அக்கா நீளக் கழியால் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் காலடியில் வந்து குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், கயிறு காலுல சிக்கிக்கும்."

"எந்தக் கயிறும்மா?"

"உங்க படகைக் கட்டியிருந்த கயிறுதான். மூணு வயசுப் பிள்ளைங்க வந்தாத்தான் கட்டுவேன். 'ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாதுக்கா, கட்டியே விடுங்க, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிக்கிற வரைக்கும் இழுத்துடாதீங்க'ன்னு காலையிலயே வந்து கெஞ்சிட்டுப் போச்சே உங்க பொண்ணு!"