சுண்டலோடு போன ஒன்பது பக்கங்கள்

அடுத்தவர் ரகசியத்தைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. தகவல் பாதுகாப்பு வக்கீல் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். அந்தக் கார்டு அச்சடித்த மாதமே ஒன்பது பேரின் ரகசியங்களை மயிலாப்பூரில் வீடு வீடாக அனுப்பிவைத்தவளும் நான்தான்.

என் முதல் கட்சிக்காரர் சரோஜா மேடம். தி. நகரில் வரன் பார்க்கும் நிலையம் நடத்தினார். "எனக்குத் தெரிஞ்சவாதான், போய்ப் பாரேன்" என்று அம்மாதான் அனுப்பினாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருக்க வேண்டும்.)

அவருடைய ஊழியர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவரைப் பற்றிய விவரத்தை வாங்குமுன் அவர் சம்மதத்தை வாங்க வேண்டும். காகிதம் அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது. வெளியார் கையில் சிக்கிவிட்டால் அன்றைக்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். பேசி முடித்த கையோடு, சரிபார்க்க வேண்டுமென்று ஒன்பது பேரின் பதிவுகளைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்போது நவராத்திரி. மறுநாள் காலை அந்தக் காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலையாக வெளியே போனேன். சாயங்காலம் வந்தபோது மேஜை பளிச்சென்று இருந்தது.

"அம்மா, இங்க இருந்த பேப்பரெல்லாம் எங்க?"

"பின்பக்கம் வெள்ளையா இருந்துதேடி. கொலுவுக்கு வந்தவாளுக்குச் சுண்டல் மடிச்சுக் கொடுத்துட்டேன். உள்ள வாழையிலை வச்சுதான் கொடுத்தேன், மையெல்லாம் ஒட்டாது. கவலைப்படாதே."

மையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நிலையத்தின் குறிப்பு' என்று ஒன்று உண்டு. எதிர்த்தரப்புக்குச் சொல்லவே கூடாதவை அங்கேதான் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் கட்சிக்காரர் போனால் அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கொலு பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லா வீட்டிலும் மடக்கி உட்காரவைத்து, பாடச் சொன்னார்கள். பாடினேன். (என் குரலைக் கேட்டவர்கள் காகிதத்தைச் சீக்கிரமே கொடுத்தார்கள்.) ஆறு பக்கம் கிடைத்தது, இரண்டு குப்பை வண்டியில் போய்விட்டது. "படிச்சுண்டே சாப்பிட்டேன். அந்த அடையாறு பையன் தலையில இருக்கறது விக்காமே, பாவம்" என்றார் ஒரு மாமி.

கடைசியாக எதிர்வீட்டுக் கற்பகம் மாமி.

"வாடி, உன்னோடதுதான் எனக்கு வந்தது" என்று சிரித்தபடி காகிதத்தை நீட்டினார்.

உண்மையிலேயே என்னுடையதுதான். என் போட்டோ, என் நட்சத்திரம், என் உயரம். அடியில்: 'பெண் வக்கீல். எதற்கும் வாதாடுவாள். மாப்பிள்ளைக்குப் பொறுமை அவசியம். தகவல்: பெண்ணின் தாயார்.'

வீட்டுக்கு வந்து குதித்தேன். "என்னைக் கேக்காம எப்படிப் பதிவு பண்ணினே?"

"கேட்டா வேண்டாம்பே. அதனாலதான் கேக்கலை" என்றாள் அம்மா, நிதானமாக.

சரோஜா மேடத்திடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். பிறகு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா, மேடம்."

"அன்னைக்கே சொல்லணும்னும் சொன்னீங்க. சொல்லிட்டீங்க. இப்ப என்ன செய்யணும்?"

"அந்த ஒன்பது பேருக்கும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதணும்."

"ஒருத்தரையும் விடாம எழுதுங்க."

எழுதினேன். ஒன்பதாவது கடிதம் எங்கள் வீட்டுக்கே வந்தது. என் பெயருக்கு வந்த தபாலை அம்மா வழக்கம்போலப் பிரித்து, சத்தமாகப் படித்தாள். 'தங்கள் சம்மதமின்றித் தங்கள் விவரங்கள் வெளியானமைக்கு மிகவும் வருந்துகிறோம்.'

"நன்னா எழுதியிருக்கா. யாருடி அந்த வக்கீல்?" என்றாள்.

சரோஜா மேடம் இன்றும் என் கட்சிக்காரர். எங்கள் வீட்டில் சுண்டல் இப்போது எவர்சில்வர் கிண்ணத்தில்தான். எனக்கும் கல்யாணமாகிவிட்டது. எங்களுக்குள் சண்டை வந்து என் கணவர் முறையிடப் போனால், அம்மா பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவாள். வாழையிலைக் கறை படிந்த இடத்துக்கு மேலே 'மாப்பிள்ளைக்குப் பொறுமை அவசியம்' என்ற வரி தெளிவாகவே தெரியும்.

"எழுத்துல கொடுத்தாச்சு, மாப்பிள்ளை. கேஸ் நிக்காது."