நாடி பிடித்துக் கரை சேர்த்த மோட்டார்

செஞ்சித் தாலுகாவில் எந்த இஞ்சினும் அவரிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மனுஷர்கள் சொல்லியிருக்கிறோம். ஆனால் அவர் நம்பியது எப்போதும் இஞ்சினைத்தான்.

தொழில், பம்புசெட் மெக்கானிக். சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துபோய், 'நாடி' என்றால்தான் தெரியும். எந்த இஞ்சின் வந்தாலும் மனுஷர் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். எண்ணெய் போகிற ட்யூபை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது. சிங்கவரத்துக்காரர் ஒருவருக்கு அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. "எதிர்க்க போயி பேசிட்டு வா. நான் மொதல்லேர்ந்து பாக்கணும்" என்று அவரை ரோட்டைத் தாண்டி அனுப்பிவிட்டார்.

அவர் சிரித்தும் நான் பார்த்ததில்லை. துக்க வீட்டில் விசாரிப்பது போலத்தான் கேள்வியே கேட்பார்.

"கடைசியா இன்னா ஊத்துன?"

"டீசல்தாங்க."

"எந்தக் கேன்ல?"

"தண்ணி கேன்லங்க."

"காய வெச்சியா?"

வந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர் வெளியே வரும்.

மலையும் கோட்டையுமாக இருக்கிற ஊரில் எங்கள் தாலுகா ஆபீசுக்கு எதற்குப் படகு என்று கேட்காதீர்கள். கடலோரத்து ஆபீஸ் ஒன்று வேண்டாமென்று தள்ளியதை, வெள்ள நிவாரணம் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டினார்கள். ஒரு ரப்பர் படகு, அதன் பின்னால் மாட்டுகிற பழைய பெட்ரோல் மோட்டார், தனியாக ஒரு சிவப்பு டேங்க். ஓட்டுவதற்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லாம் என் பொறுப்பு. வருஷம் முழுக்க ஸ்டோர் ரூமில் தூங்கும். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, மறுபடி உள்ளே தள்ளிவிடுவோம். ஒரு பூஜைக்கு வந்திருந்த நாடி, "எப்பவாவது தண்ணியில எறக்கி ஓட்டுங்க சார். பொட்டு மட்டும் வெச்சா போதுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பம்புசெட் பார்க்கிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்று நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்த மூன்றாவது வாரம், விடாத மழை. வல்லம் பக்கத்து ஏரி ஒன்று நிரம்பி, ஏரிக்கு உள்பக்கத்து நிலமான உள்வாயில் பயிர் வைத்திருந்த ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. புருஷன், பெண்டாட்டி, நாலு மாசக் கைக்குழந்தை. மூவரும் பம்புசெட் ரூமின் கூரைமேல் இருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

படகைக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கி, நான் மோட்டாரின் கயிற்றை இழுத்தேன். ஏழாவது இழுப்பில் கிளம்பி, இரண்டே நிமிஷத்தில் நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி இரண்டு நிமிஷம். அங்கே கூரையிலிருந்து அந்த ஆள் துண்டை வீசிக்கொண்டிருந்தார். இங்கே கரை நிறைய ஜனம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு நாடிக்குப் போன் போட்டேன்.

மொபெட்டில் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகிற குழாயின் நடுவில், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரப்பர் பல்பு இருக்கும். கிளப்புவதற்கு முன் அதை அமுக்கித்தான் பெட்ரோலை ஏற்றவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கரையிலிருந்த அத்தனை பேரும் வாயை மூடினார்கள்.

"கிளப்புங்க சார்."

கிளப்பினேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது.

"பாருங்க, பல்பு சப்பையா ஒட்டிக்கிச்சு. மோட்டார் உறிஞ்சுது, டேங்கு வுட மாட்டேங்குது. காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வெளிய வரும்?"

டேங்க் மூடியைத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்த காற்றுத் துளையில் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

"யாரு வெச்சது?"

"நான்தாண்ணே."

யாரிடமோ ஊக்கு வாங்கித் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மோட்டார் ஐந்து நிமிஷம் ஓடி நின்றது. இந்தத் தடவை பல்பு சப்பையாகவில்லை. கிளப்பச் சொல்லிப் பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தார், ஓடியது. கையை எடுத்தார், நின்றது.

"மோட்டாருக்குள்ள பெட்ரோல் ஏத்துற பம்புல ஜவ்வு கிழிஞ்சிருக்குது சார். அமுக்குனா ஓடுது, வுட்டா நிக்குது."

"புது ஜவ்வு எங்க கிடைக்கும்ணே?"

"மெட்ராஸ்ல." சொல்லிவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க ஓட்டுங்க. நான் அமுக்கிக்கினே வரேன்."

வலது பக்கம், மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற கலங்கலில் ஏரி வழிந்து கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றால் படகு அங்கேதான் போகும். அவர் கண்ணை மூடி, பல்பை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். வலது கை ஓய்ந்ததும் இடது கை, அது ஓய்ந்ததும் வலது கை.

மூவரையும் ஏற்றினோம். குழந்தை வீறிட்டது. நாடி கண்ணைத் திறக்காமலே, "பாப்பா, கொஞ்சம் சும்மா இரும்மா. மோட்டார் சத்தம் கேக்கல" என்றார். நம்பினால் நம்புங்கள், குழந்தை நிறுத்திவிட்டது. திரும்பும் வழியில் மோட்டார் ஒரு தடவை இருமியது. நான் கத்தியே விட்டேன்.

"உசிரு இருக்குது சார், ஓட்டுங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று கரை சேர. அந்தப் பெண் குழந்தையோடு அவர் காலில் விழப் போனாள். அவர் ஒதுங்கி நின்று, டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலைக் கொட்டிவிடச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டார்.

"நீச்சல் தெரியுமாண்ணே?" என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"தெரியாது சார்."

யாரோ டீ கொண்டுவந்தார்கள். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பத்து விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நான் டம்ளரை வாங்கி, ஊதி ஆற்றி, அவர் வாயில் வைத்தேன். "சக்கர கம்மி" என்றார். ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தார்.

பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் ஒரு வாய் ஊட்டியவனில்லை. அன்றைக்கு மனுஷர் இன்னொரு டம்ளர் கேட்கமாட்டாரா என்று இருந்தது.